அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் அமெரிக்கத் தமிழ் வீடுகளில் ஒரு பட்டியல் உருவாகிவிடும். பாதிப் பெயர்கள் தரவரிசையிலிருந்து வந்திருக்கும், மீதி நண்பர்களின் பிள்ளைகள் போன இடங்கள். பெர்க்லி, மிச்சிகன், இல்லினாய், ஜார்ஜியா டெக், பர்டியூ, டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம். எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துக்கொண்டு "எது பெஸ்ட்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. ஒரே பல்கலைக்கழகம் அந்த மாநிலத்துக் குடும்பத்துக்கு ஒரு விலை சொல்லும், வெளிமாநிலத்துக் குடும்பத்துக்கு அதைப்போல மூன்று மடங்கு கேட்கும். ஒரு மாணவருக்கு விரும்பிய மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, தரும், இன்னொருவரை "சேர்ந்துகொள், மேஜரை அப்புறம் பார்க்கலாம்" என்று உள்ளே விடும்.

அதனால் ஒப்பீட்டின் அலகை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வளாகம், அதில் ஒரு மேஜர், உங்கள் குடும்பத்துக்கு ஆகும் உண்மையான விலை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் உங்கள் அட்டவணையில் ஒரு வரி. "மிச்சிகன்" என்று ஒரு வரி எழுதக் கூடாது. "மிச்சிகன், ஆன் ஆர்பர், இயந்திரப் பொறியியல், வெளிமாநிலக் கட்டணம்" என்று எழுத வேண்டும். அந்த வரியை நிரப்பும் வழிதான் கீழே உள்ள படிகள்.

படி 1: எது அரசுப் பல்கலைக்கழகம், எந்த அடுக்கு?

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தனியார், பென் ஸ்டேட் மாநில நிதி பெறுவது. ஓஹாயோவில் இருக்கும் மயாமி பல்கலைக்கழகம் அரசுடையது, ஃப்ளோரிடாவின் மயாமி பல்கலைக்கழகம் தனியார். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் அரசு, செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் தனியார். பேச்சில் இவை குழம்பிப் போவது சாதாரணம், விண்ணப்பத்தில் குழம்பக் கூடாது.

ராணுவ அகாடமிகள் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், இங்கே அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநில அரசுடையது என்றே பொருள். 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கி, அதை விற்ற பணத்தில் விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு வழி செய்தது. பர்டியூ, டெக்சஸ் ஏ அண்ட் எம், வர்ஜீனியா டெக், என்.சி. ஸ்டேட் எல்லாம் அந்த மரபு. இது வெறும் வரலாறு இல்லை, இன்றைக்கும் பயன்படும் தகவல். வட கரோலைனாவில் சேப்பல் ஹில்லில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத்தான் பெயர் பெரிது, ஆனால் சிவில், இயந்திரவியல், ஏரோஸ்பேஸ் அங்கே கிடையாது, ராலேயில் இருக்கும் என்.சி. ஸ்டேட் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். இந்தியானாவில் வணிகப் படிப்புக்கு ப்ளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழகம், பொறியியலுக்கு பர்டியூ. உங்கள் மாநிலத்தில் எந்தத் துறை எங்கே வேரூன்றியிருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கலிஃபோர்னியாவில் அடுக்குகள் தெளிவாக எழுதியே வைக்கப்பட்டவை. மாநிலத்தின் 1960ஆம் ஆண்டு உயர்கல்வி மாஸ்டர் பிளான்படி பள்ளி முடிப்போரில் மேல் எட்டில் ஒரு பங்கினருக்கு யு.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), மேல் மூன்றில் ஒரு பங்கினருக்கு கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம்), எல்லோருக்கும் இரண்டு வருடப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜ். ஆனால் கால் ஸ்டேட் வளாகங்களான கால் பாலி சான் லூயிஸ் ஒபிஸ்போவும் சான் ஹோசே ஸ்டேட்டும் 'இரண்டாம் அடுக்கு' என்று யாராவது ஒதுக்கினால், அவர்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்ப்பவர்களிடம் பேசியதில்லை என்று அர்த்தம்.

படி 2: நீங்கள் எந்த மாநிலத்தவர்?

இது கேட்க எளிது, பதில் சில வீடுகளில் சிக்கலானது. பெரும்பாலான மாநிலங்களில் கல்லூரி தொடங்கும் முன் 12 மாதங்கள் அங்கே வசித்திருக்க வேண்டும், படிப்புக்காக மட்டும் வந்து தங்கியதாக இருக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்தோடு ஒரு நாள் கூடுதல். வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வீட்டு ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். வேலை மாறி வேறு மாநிலம் போகும் எண்ணம் இருந்தால், பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பைக் கணக்கில் வைத்து முடிவெடுங்கள். தவறான நேரத்தில் மாறினால் பழைய மாநிலத்தின் உரிமையும் போய், புதிய மாநிலத்தின் உரிமையும் வராமல் நடுவில் நிற்க நேரிடும்.

விசாவில் இருப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் தனித்தனி. முதலாவது, மாநிலத்தவர் கட்டணம் கிடைக்குமா? கலிஃபோர்னியா, டெக்சஸ் உள்ளிட்ட பல மாநிலங்களில் ஹெச்-1பி வேலை விசாவிலும் அதைச் சார்ந்த குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவிலும் இருப்பவர்கள் வசிப்பிட நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் கிடைக்கும். எஃப்-1 மாணவர் விசாவில் பொதுவாகக் கிடைக்காது. இங்கேதான் 21 வயது வருகிறது, ஹெச்-4 அதுவரைதான் செல்லும். ஹெச்-4இல் இருக்கும் பிள்ளைக்குப் படிப்பின் நடுவில் 21 முடிந்து எஃப்-1க்கு மாற வேண்டி வந்தால், கட்டணத்தில் என்ன நடக்கும் என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வசிப்பிட அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு உதவாது.

இரண்டாவது, மத்திய அரசின் நிதியுதவி. அது குடியுரிமை, கிரீன் கார்டு போன்ற சில நிலைகளில் உள்ள மாணவர்களுக்கு மட்டும்தான், ஹெச்-4 பிள்ளைக்குக் கிடையாது. ஆனால் இங்கே பிறந்த பிள்ளையின் பெற்றோர் இன்னும் ஹெச்-1பியில் இருந்தாலும் பிள்ளை மத்திய நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் விசா நிலை அதற்குத் தடை இல்லை. இதைத் தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய.

படி 3: விலைப்பலகையை மறந்துவிட்டு உண்மையான செலவைக் கணக்கிடுங்கள்

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், ஒரு சனிக்கிழமை போனாலும் பரவாயில்லை.

முதலில் வெளிமாநில வித்தியாசம். பர்டியூவில் ஆண்டுக் கல்விக் கட்டணம் மாநிலத்தவருக்கு 9,992 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 28,794 டாலர். 2012-13 கல்வியாண்டுக்குப் பிறகு அவர்கள் கட்டணத்தை உயர்த்தவில்லை. நான்கு வருடத்துக்கு வித்தியாசம் மட்டும் 75,208 டாலர். இத்தனைக்கும் வெளிமாநிலத்தவருக்கு இது மலிவான இடங்களில் ஒன்று. யு.சி.யில் 2025 இலையுதிர் காலத்தில் சேர்ந்த வெளிமாநில மாணவர், எல்லோரும் கட்டும் கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 37,602 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் தொகைக்கு உதவித்தொகை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது, கட்டணம் ஏறுமா என்பது. முதல் வருட விலையை நான்கால் பெருக்கி விட்டுவிடுவது பலரும் செய்வது. 2022 முதல் யு.சி. ஒவ்வொரு சேர்க்கை ஆண்டுக்கும் கட்டணத்தை நிர்ணயித்து, அதை ஆறு வருடம் வரை மாற்றாமல் வைத்திருக்கிறது. இல்லினாய் மாநிலச் சட்டப்படி அந்த மாநில மாணவருக்கு நான்கு வருடம் ஒரே கட்டணம். வேறு பல இடங்களில் ஒவ்வொரு வருடமும் நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும். மாநில பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் அது உங்கள் பில்லில் வந்து நிற்கும். கடந்த ஐந்து வருடக் கட்டணங்களைத் தேடிப் பாருங்கள், அரசு நிறுவனம் என்பதால் எல்லாம் வெளிப்படையாகக் கிடைக்கும்.

மூன்றாவதாக, மேஜருக்கேற்ற கூடுதல் கட்டணம். பொறியியல், கணினி, வணிகம், நர்சிங் ஆகியவற்றுக்குப் பல இடங்களில் தனி விலை. முகப்புப் பக்கத்தில் இருப்பது அநேகமாகக் கலைப் படிப்பின் விலைதான்.

அப்புறம் தங்குமிடமும் சாப்பாடும். மாநிலத்தவருக்குப் பல வளாகங்களில் கல்விக் கட்டணத்தைவிட இதுதான் அதிகம். விடுதி உத்தரவாதம் முதல் வருடத்துக்கு மட்டுமா, பிறகும் உண்டா என்று கேளுங்கள். ஆன் ஆர்பர், மேடிசன் போன்ற கல்லூரி ஊர்களில் அடுத்த வருட வாடகை வீட்டுக்கான ஓட்டம் முதல் செமஸ்டரிலேயே ஆரம்பித்துவிடும்.

இவற்றையெல்லாம் ஓரளவு கணக்கிட்டுச் சொல்ல ஒரு கருவி இருக்கிறது. 2011 முதல் ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில், உதவித்தொகை போக மிஞ்சும் விலையைக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. வரிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் அதை ஓட்டுங்கள். வருவது தோராயம்தான், சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இன்னும் தோராயம். ஆனால் 25 ஆயிரத்துக்கும் 55 ஆயிரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும், அதுவே போதும்.

விலையைக் குறைக்கும் வழிகளில் நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தங்கள். மேற்கு மாநிலங்களின் டபிள்யு.யு.இ. (வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச்) திட்டத்தில் பக்கத்து மாநில மாணவர் அதிகபட்சம் மாநிலத்தவர் கட்டணத்தின் 150 சதவீதம் கட்டினால் போதும். தெற்கில் அகாடமிக் காமன் மார்க்கெட், மத்திய மேற்கில் மிட்வெஸ்ட் ஸ்டூடன்ட் எக்ஸ்சேஞ்ச், நியூ இங்கிலாந்தில் அதற்கென ஒரு திட்டம். எல்லா வளாகமும், எல்லா மேஜரும் இதில் வராது. பிரபலமான இடங்கள் பெரும்பாலும் வெளியே நிற்கும். இருந்தாலும் பாருங்கள்.

உள்ளூரில் இருப்பதற்குப் பரிசு தரும் மாநிலங்களும் உண்டு. ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகை 1993இல் லாட்டரி வருமானத்தில் தொடங்கியது, ஃப்ளோரிடாவின் பிரைட் ஃப்யூச்சர்ஸும் அதே மாதிரி. குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் மதிப்பெண்ணைப் பார்த்துத் தருவார்கள் என்பதால் நடுத்தர, மேல்நடுத்தரக் குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் கல்லூரியிலும் குறிப்பிட்ட சராசரி மதிப்பெண்ணை, அதாவது ஜிபிஏவை, காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் நின்றுவிடும். அலபாமா பல்கலைக்கழகம் போன்றவை நல்ல மதிப்பெண் உள்ள வெளிமாநில மாணவர்களைப் பெரிய தொகை கொடுத்து இழுக்கின்றன. சேப்பல் ஹில்லும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் நிரூபிக்கப்பட்ட நிதித் தேவையை முழுதாக ஈடுசெய்வதாகச் சொல்லும் சில அரசுப் பல்கலைக்கழகங்களில் அடங்கும். வருமானம் குறைந்த குடும்பங்கள் விலைப்பலகையைப் பார்த்துப் பயந்து இவற்றை விட்டுவிடக் கூடாது.

கடன் எவ்வளவு என்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் மத்திய அரசின் நேரடிக் கடனாக நான்கு வருடத்தில் வாங்கக்கூடியது 5,500, 6,500, 7,500, 7,500 என மொத்தம் 27,000 டாலர். அதற்கு மேல் தேவைப்படுவது உங்கள் தலையில்தான் விழும். பெற்றோருக்கான பிளஸ் கடனுக்கும் 2026 ஜூலை முதல் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. என்னைக் கேட்டால், பிள்ளையின் கடன் அந்த 27,000ஐத் தாண்டும் எந்த வரியையும் அட்டவணையிலிருந்து முதலிலேயே எடுத்துவிடலாம்.

படி 4: மேஜரின் கதவு திறந்திருக்கிறதா?

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதும் விரும்பிய மேஜரில் இடம் கிடைப்பதும் வெவ்வேறு. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கணினி, பொறியியல், வணிகம், நர்சிங் நான்குக்கும் உள்ளே இன்னொரு வாசல் இருக்கும். அந்த வாசல் பொதுவாக மூன்று விதம்.

முதல் விதம், நேரடிச் சேர்க்கை. விண்ணப்பிக்கும்போதே மேஜரைச் சொல்கிறீர்கள், அதற்கே தேர்வாகிறீர்கள். சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இப்படித்தான். நேரடியாக இடம் கிடைக்காதவர் உள்ளே சேர்ந்து பிறகு மாறுவது மிக அரிது என்று துறையே வெளிப்படையாகச் சொல்கிறது. "எப்படியாவது உள்ளே போய்விட்டால் மாறிக்கொள்ளலாம்" என்ற நம் ஊர் நம்பிக்கை இங்கே செல்லாது. இல்லினாயில் கணினி அறிவியல் கிடைக்காவிட்டால் கணினியோடு மொழியியல், பொருளாதாரம், வானியல் என்று இணைத்த படிப்புகள் இருக்கின்றன. அவை ஆறுதல் பரிசு என்று நினைக்க வேண்டாம், அவற்றுக்கும் போட்டி உண்டு.

இரண்டாவது விதம், முதல் வருடம் பொது, பிறகு பிரிப்பு. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பொறியியல் மாணவர்கள் பொதுவாகச் சேர்ந்து, முதல் வருட இறுதியில் துறைக்கு விண்ணப்பிப்பார்கள். சமீப ஆண்டுகளில் 3.75 ஜிபிஏ இருந்தால் முதல் விருப்பம் தானாகக் கிடைக்கும் என்பது விதி. அதற்குக் கீழே போட்டி. கால்குலஸும் இயற்பியலும் ஒரே செமஸ்டரில் எடுக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு 3.75 சின்ன எண் அல்ல. வீட்டை விட்டு முதன்முதலில் தனியாக இருக்கும் வருடமும் அதுதான். பர்டியூவும் இதே முறைதான், விதிகள் வேறு.

மூன்றாவது விதம், நிஜமாகவே திறந்த கதவு. தேவையான பாடங்களைத் தேறினால் மேஜரை அறிவித்துக்கொள்ளலாம். நடுத்தர அளவுள்ள, தரவரிசையில் சற்றுக் கீழே இருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களில் இது இன்னும் உண்டு. என்ன படிப்பதென்று முடிவு செய்யாத பிள்ளைக்கு இந்தச் சுதந்திரம் தரவரிசையில் முப்பது இடங்களுக்குச் சமம் என்று சொல்வேன்.

டெக்சஸ் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. 1997இல் வந்த சட்டப்படி தங்கள் பள்ளியில் மதிப்பெண் வரிசையில் மேலே குறிப்பிட்ட சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானியங்கிச் சேர்க்கை உண்டு. ஆஸ்டினில் மட்டும் அந்த அளவு குறைவு, 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து மேல் 5 சதவீதம். ஆனால் அது பல்கலைக்கழகத்துக்குத்தான், மேஜருக்கு அல்ல. பள்ளியில் முதல் ஐந்து சதவீதத்தில் இருந்தும் கணினி கிடைக்காமல், கேட்காத துறையில் இடம் கிடைத்து வீட்டில் எல்லோரும் திகைத்து நிற்பது ஒவ்வொரு வசந்தத்திலும் நடக்கிறது.

இடத்துக்கே உச்சவரம்பு இருப்பதையும் கவனியுங்கள். சேப்பல் ஹில்லில் முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் அதன் மொத்த அனுமதி விகிதத்தைப் பார்த்து வெளிமாநிலத்தவர் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "போன வருடம் உள்ளிருந்து இந்த மேஜருக்கு மாற எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது?" பதில் எண்ணாக வந்தால் நல்லது. "உற்சாகமான மாணவர்களை வரவேற்கிறோம்" என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

படி 5: நான்கு வருடத்தில் முடியுமா?

கல்லூரிகள் வெளியிடும் பட்டம் பெறும் விகிதம் பெரும்பாலும் ஆறு வருடக் கணக்கு. நீங்கள் தேட வேண்டியது நான்கு வருடக் கணக்கு. மத்திய அரசின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் இரண்டும் இருக்கும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு வருட விகிதம் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. கால் ஸ்டேட் அமைப்பு 2025க்குள் எட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்ட இலக்கே 40 சதவீதம்தான். ஐந்தாவது வருடம் என்றால் இன்னொரு வருடக் கட்டணம், வாடகை, அதோடு ஒரு வருடச் சம்பள இழப்பு. மலிவான கல்லூரி ஐந்து வருடம் எடுத்தால் அது மலிவு இல்லை.

இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். கால் ஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் ஏராளம், அவர்கள் வேகம் வேறு. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்கள் ஐந்து வருடம் எடுப்பது திட்டப்படியே. படிப்பும் சம்பளத்தோடு வேலையும் மாறி மாறி வரும் கோ-ஆப் முறை 1906இல் தொடங்கியதே அங்கேதான். அந்த ஐந்தாவது வருடம் செலவு வைப்பதில்லை, சம்பாதித்துத் தருகிறது. எனவே எண் ஏன் குறைவு என்று கேட்டுவிட்டு மதிப்பிடுங்கள்.

ஒரு கிரெடிட் கணக்கு. பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட், செமஸ்டருக்கு 15 எடுத்தால் எட்டு செமஸ்டர். ஆனால் முழுநேர மாணவர் என்று கணக்கில் வர 12 போதும். பன்னிரண்டிலேயே ஓட்டினால் பத்து செமஸ்டர் ஆகிவிடும், யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

பள்ளியில் படிக்கும்போதே எடுத்த ஏபி (கல்லூரி அளவுப் பாடத் தேர்வு), இரட்டைச் சேர்க்கை (கல்லூரிப் பாடத்தையே படிப்பது) கிரெடிட்டுகள் இங்கே கை கொடுக்கும். உங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் பொதுவாகத் தாராளமாக ஏற்கும், வெளிமாநிலத்தில் அதே மதிப்பெண்ணுக்குப் பாதிதான் கிடைக்கலாம். 'விருப்பப் பாடக் கிரெடிட்' என்று வருவதை ஒதுக்கிவிட்டு, மேஜரின் கட்டாயப் பாடத்தை எது நீக்குகிறது என்று மட்டும் எண்ணுங்கள்.

கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம், பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாற்றம் என்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யு.சி. வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவு செய்யும் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு உத்தரவாதச் சேர்க்கை தருகின்றன. சில மேஜர்கள் இதில் சேராது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் இல்லை, ஆனால் அவையும் இப்படி மாறி வரும் மாணவர்களை நிறையவே எடுக்கின்றன. எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் தளம் வரி வரியாகக் காட்டும். பட்டத்தில் கடைசியில் இருக்கும் பெயர் ஒன்றுதான்.

படி 6: வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பெயரோடும் 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். சலிப்பூட்டும் ஆவணம்தான், ஆனால் விளம்பரப் புத்தகம் சொல்லாததெல்லாம் அதில் இருக்கும். பி பிரிவில் எத்தனை பேர் இரண்டாம் வருடம் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பது. சி7இல் சேர்க்கையில் எதற்கு எவ்வளவு எடை என்பது. ஹெச் பிரிவில் வருமானம் பார்க்காமல் தகுதிக்காக மட்டும் எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது. ஐ3இல் வகுப்புகளின் அளவு. சராசரியை விடுங்கள், நூறு பேருக்கு மேல் உள்ள வகுப்புகள் எத்தனை என்று பாருங்கள். முதல் இரண்டு வருடம் உங்கள் பிள்ளை உட்காரப்போவது அவற்றில்தான்.

பெரிய கூட்டத்தில் தொலைந்து போகும் சுபாவமுள்ள பிள்ளைக்கு, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தேர்ந்த மாணவர்களுக்காக இருக்கும் ஆனர்ஸ் காலேஜ் நல்ல வழி. அரிசோனா ஸ்டேட்டின் பாரெட், பென் ஸ்டேட்டின் ஷ்ரேயர் இரண்டும் பெயர் பெற்றவை. சிறிய வகுப்புகளைவிடப் பெரிய லாபம், பாடங்களுக்கு முன்னதாகப் பதிவு செய்யும் உரிமை. அது இருக்கிறதா, நான்கு வருடமும் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் மட்டும் எளிதாகச் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பல இடங்களில் வகுப்பு அட்டவணையை யார் வேண்டுமானாலும் உள்நுழையாமலே பார்க்கலாம். மேஜரின் எட்டு செமஸ்டர் திட்டத்தை எடுத்து, மூன்றாம் நான்காம் செமஸ்டரின் கட்டாயப் பாடங்களைப் பதிவு நடக்கும் வாரத்தில் தேடுங்கள். எத்தனை பிரிவுகள், எத்தனை காலி இடம், காத்திருப்போர் எத்தனை பேர்? காத்திருப்போர் பட்டியல் வகுப்பைவிடப் பெரிதாக இருந்தால் நான்கு வருடத்தில் முடிப்பது கையில் இல்லை. பின்னோக்கி நடந்தபடி வளாகத்தைச் சுற்றிக் காட்டும் மாணவர் இதைச் சொல்ல மாட்டார்.

படி 7: படித்த பிறகு

மத்திய கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டில் ஒரே மேஜர் படித்தவர்களின் இடைநிலைச் சம்பளத்தையும் கடனையும் கல்லூரிவாரியாக ஒப்பிடலாம். ஆனால் அதில் வருவது மத்திய உதவி அல்லது கடன் பெற்றவர்களின் சம்பளம் மட்டும். ஹெச்-4 பிள்ளைகளும், கையிலிருந்து கட்டிய குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் இல்லை. கலிஃபோர்னியாவில் வேலைக்குப் போகிறவர்களின் சம்பளம் அங்குள்ள வாடகைக்கு ஏற்ற சம்பளம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உரிமம் தேவைப்படும் தொழில்களுக்குத் தனிச் சரிபார்ப்பு. சிவில் போன்ற பொறியியலுக்கு, பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பான ஏபெட்டின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள், கணினி அறிவியலுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. நர்சிங்குக்கு உரிமத் தேர்வில் தேறியவர்களின் விகிதத்தை மாநில நர்சிங் வாரியங்கள் வெளியிடுகின்றன. மருத்துவம் குறி என்றால் இளநிலையில் கடன் சேர்க்காமல் இருப்பதுதான் முதல் வேலை. அரசு மருத்துவக் கல்லூரிகள் தங்கள் மாநிலத்தவருக்கே பெரும்பாலும் முன்னுரிமை தரும்.

படி 8: தரவரிசை

கடைசியில் பாருங்கள், கொஞ்ச நேரம் மட்டும். யு.எஸ். நியூஸ் பட்டியலில் 20 சதவீதம் பிற கல்லூரி நிர்வாகிகளின் அபிப்பிராயம். 2023இல் வகுப்பு அளவு உள்ளிட்ட சில அளவுகோல்களை நீக்கினார்கள், உடனே பல அரசுப் பல்கலைக்கழகங்கள் மேலே ஏறின. ஒரே கோடையில் அங்கே பாடம் நடத்தும் விதம் மாறிவிடவில்லை. துறைவாரித் தரவரிசைகள் பலவும் முனைவர் பட்ட ஆராய்ச்சியின் பெயரைப் பிரதிபலிப்பவை, முதலாண்டு மாணவருக்கு அந்தப் பேராசிரியர்களைப் பார்க்கக் கிடைப்பதே அபூர்வம்.

படி 9: நேரில் போவது

செமஸ்டர் நடக்கும்போது, வார நாளில் போங்கள். கோடையில் வெறும் கட்டடங்களைத்தான் பார்ப்பீர்கள். பிள்ளையை மேஜரின் கட்டடத்தில் தனியாக ஒரு மணி நேரம் விட்டுவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போய்விடுங்கள். அப்பா அம்மா பக்கத்தில் நின்றால் எந்த மாணவரும் மனம் திறந்து பேச மாட்டார். போக முடியாவிட்டால் மாணவர் நாளிதழை ஒரு வருடத்துக்குப் பின்னோக்கிப் படியுங்கள். தி மிச்சிகன் டெய்லி, தி டெய்லி கலிஃபோர்னியன் போன்றவை வீட்டுத் தட்டுப்பாடு, மனநல மையத்தில் காத்திருக்கும் காலம், பாதுகாப்பு எல்லாவற்றையும் மழுப்பாமல் எழுதும்.

படி 10: அட்டவணையை முடித்து முடிவெடுப்பது

ஏப்ரலில் எல்லா அனுமதிக் கடிதங்களும் வந்ததும் அட்டவணையைத் திறந்து, இரண்டு பேனாக் கோடுகள் போடுங்கள். நான்கு வருட மொத்தச் செலவு உங்கள் வரம்பைத் தாண்டும் வரிகள் போகட்டும். மேஜரின் கதவு மூடியிருக்கும் வரிகளும் போகட்டும். இந்த இரண்டிலும் மதிப்பெண் போட்டுச் சமன் செய்யப் பார்க்காதீர்கள், 'நல்ல பெயர்' என்ற காரணத்துக்காகக் கடனையோ கதவையோ மன்னிப்பதில்தான் பிற்பாடு வருத்தம் ஆரம்பிக்கிறது. மீதி இருப்பவை இரண்டோ மூன்றோ. அவற்றில் பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அது. அங்கே பெற்றோர் வாக்களிக்க வேண்டியதில்லை.

உதவித்தொகைக் கடிதங்களை ஒப்பிடும்போது இலவசப் பணத்தையும் கடனையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். சில கடிதங்களில் இரண்டும் கூட்டித்தான் போட்டிருப்பார்கள். வேலை போனது, மருத்துவச் செலவு என்று வருமானம் மாறியிருந்தால், ஆதாரத்தோடு நிதியுதவி அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் தனியார் அளவுக்கு இறங்கி வராது, ஆனால் ஆதாரம் இருந்தால் பரிசீலிப்பார்கள்.

பெரும்பாலான இடங்களில் மே 1 கடைசி நாள். ஒரே ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டுங்கள், மற்றவற்றுக்கு 'வரவில்லை' என்று சொல்லிவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவருக்கு அந்த இடம் போகும். விடுதி விண்ணப்பத்துக்குத் தனித் தேதி இருக்கும், அது சில இடங்களில் மே 1க்கு முன்பே வரும். ஜூலையில் ஏபி மதிப்பெண்களை அனுப்ப வேண்டும், இறுதி மதிப்பெண் சான்று, தடுப்பூசிப் பதிவு, மருத்துவக் காப்பீட்டு விலக்குப் படிவம் என்று வரிசை இருக்கிறது. யு.சி.யில் சேர்பவர்கள் வசிப்பிட உறுதிமொழிப் படிவத்தைத் தனியாக நிரப்ப வேண்டும். அதை விட்டுவிட்டால் பல வருடம் கலிஃபோர்னியாவில் இருந்தவருக்கும் முதல் பில் வெளிமாநிலக் கணக்கில் வந்துவிடலாம்.